உள்ளமைந்த கிராபிக்ஸிலிருந்து தனிக் கார்டுக்கு: கார்ட் எடுப்பதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியவை

கிராபிக்ஸ் கார்டைப் பொருத்துவது அரைமணி நேர வேலை. தடுமாறுகிறவர்களில் அநேகர் அந்த அரைமணிக்கு முன்பே தடுமாறிவிடுகிறார்கள். கார்டை முதலில் எடுத்துவிட்டு, அது வந்து சேர்ந்த பிறகுதான் கேசிங்கைத் திறக்கிறார்கள். கொழும்பில் இருப்பவருக்கு இது சின்னத் தலையிடி; பின்னேரம் கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். திருகோணமலையில் இருந்துகொண்டு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் எடுத்த கார்ட் பொருந்தவில்லை என்றால், அதைத் திருப்பி அனுப்ப ஏறத்தாழ 260 கிலோமீற்றர் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல், கார்டைக் கையில் எடுப்பதற்கு முன் பார்க்கவேண்டியவைதான்.

1. கார்ட்தான் தேவையா?

கணினி மெதுவாக ஓடினால் உடனே கார்டைக் குறை சொல்ல வேண்டாம். நீங்கள் வழமையாகச் செய்யும் வேலையை ஓடவிடுங்கள். கேமாக இருக்கலாம், கலியாண வீடியோ எடிட்டிங்காக இருக்கலாம். அது ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபோமன்ஸ் பகுதியைப் பாருங்கள்.

டிஸ்க் 100 வீதத்தில் நின்றால் பிரச்சினை பழைய ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி போட்டால் தீரும். மெமரி நிரம்பி வழிந்தால் ரேம் போதாது. சிபியு 100 வீதத்தில் இருக்க, ஜிபியு (கிராபிக்ஸ் வேலை பார்க்கும் சிப்) 30 அல்லது 40 வீதத்தில் சோம்பிக் கிடந்தால், எந்தக் கார்டைப் போட்டாலும் பெரிய மாற்றம் வராது. ஜிபியுதான் உச்சத்தில் நிற்கிறது என்றால் தொடர்ந்து வாசியுங்கள்.

இன்னொன்று. சிபியுவுக்குள்ளேயே இருக்கும் உள்ளமைந்த கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒற்றை ரேம் மட்டும் இருக்கும் கணினியில் அதே அளவில் இன்னொன்றைப் போட்டால் டுவல் சனல் ஆகி, ரேமின் வேகம் கிராபிக்ஸுக்கு இரட்டிப்பாகக் கிடைக்கும். ரைசன் ஜி வகைச் சிபியுக்களில் இதன் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சின்னக் கேம்கள் மட்டும் ஆடுகிறவருக்கு அதுவே போதும், கார்ட் செலவு மிச்சம்.

2. கேசிங்கைத் திறந்து அளவெடுங்கள்

கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பக்கத் தகட்டைத் திறவுங்கள். உள்ளே தெரிவதை எல்லாம் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரோடு கதைக்கும்போது அந்தப் படங்கள் பாதி வேலையைச் செய்துவிடும்.

முதலில் மதர்போர்டின் மொடல் பெயர். அது போர்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அடுத்தது கார்ட் பூட்டும் நீண்ட ஸ்லொட். இரண்டு நீண்ட ஸ்லொட்கள் இருந்தால் சிபியுவுக்குக் கிட்ட இருப்பதுதான் பெரும்பாலும் முழு 16 லேன் (தரவு போய்வரும் பாதை) உள்ளது. கீழே இருப்பது பார்வைக்கு அதே நீளமாக இருந்தாலும் பல போர்டுகளில் உள்ளே 4 லேன் மட்டும்தான் இணைக்கப்பட்டிருக்கும்.

பிறகு அடிமட்டம் எடுத்து, பின்பக்கத் தகட்டிலிருந்து முன்னால் ஹார்ட் டிஸ்க் கூடு அல்லது விசிறி வரை எத்தனை மில்லிமீற்றர் என்று அளவுங்கள். கார்டின் நீளம் அதைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் போதாது. பவர் கேபிள் வளைந்து திரும்ப இடம் வேண்டும். தடிப்பையும் பாருங்கள். இன்றைய கார்டுகளில் பெரும்பாலானவை இரண்டு ஸ்லொட் இடத்தைப் பிடிப்பவை. கீழே ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கேபிள்கள் நேராக மேலே நீட்டிக்கொண்டு நின்றால் விசிறியில் முட்டும்.

திருமலையில் வீடுகளிலும் வகுப்புகளிலும் நிறைய இருப்பது பாவித்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி வகையறாக் கணினிகள். அவற்றில் ஒடுங்கிய சின்னக் கேசிங் உள்ளவற்றுக்குச் சாதாரண உயரமுள்ள கார்ட் போகவே போகாது. உயரம் குறைந்த, லோ புரொஃபைல் என்கிற வகைதான் வேண்டும். ஸ்லொட்டை ஒட்டியே பவர் சப்ளை நிற்கும் மொடல்களில் ஒரு ஸ்லொட் தடிப்புள்ள கார்டைத்தான் தேட வேண்டும். இந்தக் கணினிகளில் சப்ளையின் பிளக்கும் வடிவமும் அந்தந்தக் கம்பனிக்கே உரியவையாக இருப்பது உண்டு. கடையில் விற்கும் சாதாரண சப்ளையை வாங்கி மாற்றலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

3. பவர் சப்ளை

அதிகப் பணம் வீணாவதும் அதிகச் சேதம் நடப்பதும் இதில்தான். ஆறுதலாகப் படியுங்கள்.

மதர்போர்ட் ஸ்லொட் ஒன்று அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்குச் சப்ளையிலிருந்து தனிக் கேபிள் வர வேண்டும். 6 பின் கேபிள் 75 வாட், 8 பின் கேபிள் 150 வாட் வரை தரும். ஆகவே முதல் கேள்வி: உங்கள் சப்ளையில் இந்தக் கேபிள் இருக்கிறதா? இல்லையென்றால் தனிக் கேபிள் கேட்காத கார்டுகளோடு நின்றுகொள்வது நல்லது.

இரண்டாவது கேள்வி சப்ளையின் உண்மையான பலம். "500 வாட் இருக்கு தம்பி, எந்தக் கார்டும் ஓடும்" என்று யாராவது சொன்னால், சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். கார்டும் சிபியுவும் சாப்பிடுவது 12 வோல்ட் மின்சாரத்தை. 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழ் இருக்கும் அம்பியரை 12ஆல் பெருக்குங்கள். வெளியே 500 வாட் என்று பெரிதாக எழுதி, அட்டவணையில் 16 அம்பியர் என்று இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 192 வாட் மட்டும். 65 வாட் சிபியுவும் 130 வாட் கார்டும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். கேசிங்கோடு இலவசமாக வரும் சப்ளைகள் பெரும்பாலும் இந்தச் சாதிதான். 12 வோல்ட் இரண்டு வரிசையாகப் பிரித்து எழுதப்பட்டிருந்தால் இரண்டையும் கூட்டாதீர்கள். கீழே மொத்த வாட் என்று தனியாகக் கொடுத்திருப்பதை எடுங்கள்.

கார்ட் எத்தனை வாட் கேட்கும், எத்தனை வாட் சப்ளை வேண்டும் என்பதைக் கார்ட் கம்பனியின் பக்கத்திலேயே பார்க்கலாம். ஆர்டிஎக்ஸ் 4060 கார்ட் 115 வாட்தான் எடுக்கும். ஆனால் என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் சப்ளை. முழுக் கணினிக்கும் கணக்குப் போட்டு, கொஞ்சம் இடைவெளியும் விட்டுத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க் பிளக்கிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் அடப்டர் மலிவாகக் கிடைக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கார்டுக்குரிய பிளக் இல்லாத சப்ளை, அந்தப் பாரத்தை இழுக்கவென்று செய்யப்படாத சப்ளை. அடப்டர் பிளக்கைத் தருமே தவிர பலத்தைத் தராது.

மூன்றாவது, கேபிள் குழப்பம். சிபியுவுக்குப் போகும் 8 பின்னும் கார்டுக்குப் போகும் 8 பின்னும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். உள்ளே 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். சிபியு பிளக் நடுவில் 4, 4 ஆகப் பிரியும். கார்ட் பிளக் 6, 2 ஆகப் பிரியும். பிளக் போகவில்லை என்று அழுத்தித் திணிக்க வேண்டாம், அது போகக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். கழற்றிப் பூட்டும் கேபிள் உள்ள சப்ளை என்றால், வேறு சப்ளையின் கேபிளைக் கடன் வாங்காதீர்கள். கார்ட் பக்கத்து முனை ஒன்றாக இருந்தாலும் சப்ளை பக்கத்து வயர் ஒழுங்கு கம்பனிக்குக் கம்பனி மாறும், கார்ட் எரிந்துபோகும்.

கடைசியாகச் சுவர்ப் பக்கம். சொக்கெட்டில் ஏர்த் இருக்கிறதா என்று வயரிங் தெரிந்தவரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். கேசிங்கைத் தொட்டால் இலேசாகக் கரண்ட் சுரண்டுகிற வீடுகளில் ஏர்த் சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் புதுக் கார்டை உள்ளே வைக்காதீர்கள்.

4. மொனிட்டரின் பின்பக்கம்

உங்கள் மொனிட்டரில் நீல நிற விஜிஏ பிளக் மட்டும்தான் இருக்கிறதா? புதிய கார்டுகளில் அது கிடையாது. பெரும்பாலும் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் மட்டும்தான் வரும். கார்ட் வந்த அன்று இரவு எட்டு மணிக்கு இதைக் கண்டுபிடித்து, கடை பூட்டியாயிற்று என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர்.

எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் அடப்டர் வேலை செய்யும், ஆனால் உள்ளே சிப் உள்ளதாக இருக்க வேண்டும். சிப் இல்லாத வெறும் வயர் கேபிளில் படம் வராது, ஏனென்றால் ஒரு பக்கம் டிஜிட்டல், மறுபக்கம் அனலொக். டிவிஐ துளை உள்ள பழைய கார்டுகளிலும் கவனம்: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்றவற்றில் இருப்பது டிஜிட்டல் மட்டும் கொடுக்கும் டிவிஐ. விஜிஏக்கான சின்ன மூடி அடப்டர் அதில் பயன்படாது.

5. எந்தக் கார்ட்?

விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. பொருத்தத்தை மட்டும் சொல்கிறேன்.

தனிக் கேபிள் இல்லாமல் ஸ்லொட்டிலேயே ஓடுபவை: ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை 70 வாட், ஆர்எக்ஸ் 6400 53 வாட், ஜிடிஎக்ஸ் 1650 75 வாட். இவற்றில் லோ புரொஃபைல் வகைகளும் உண்டு, ஒடுங்கிய கேசிங்குக்கு உதவும். ஆனால் ஜிடிஎக்ஸ் 1650இல் சில வகைகள் 6 பின் கேட்கும், 3050இன் 8 ஜிபி வகை 130 வாட். பெயரை மட்டும் சொல்லி ஓடர் கொடுக்காமல், அந்தக் கார்டின் படத்தில் பவர் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டும் 4 லேன் மட்டும் பாவிப்பவை. கார்ட் ஸ்லொட்டின் தரமான பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள போர்டில் பரவாயில்லை, 3.0 போர்டில் அந்தப் பாதை பாதியாகி வேகம் குறையும். ரைசன் 5600ஜி வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம், போர்ட் புதிதாக இருந்தாலும் அந்தச் சிபியு 3.0தான் கொடுக்கும். இந்த இரண்டு கார்டுகளிலும் வீடியோவைச் சுருக்கி எழுதும் என்கோடர் இல்லை. கலியாண வீடியோ எடிட் செய்து ஏற்றுமதி பண்ணுகிறவர்கள், கேமை லைவ் போடுகிறவர்கள் இவற்றை விட்டுவிடலாம்.

இன்டெல் ஆர்க் கார்டுகள் வீடியோ வேலைக்கு நல்லவை. ஆனால் கார்டின் மெமரி முழுவதையும் சிபியு ஒரேயடியாக எட்டவிடும் ரீசைசபிள் பார் என்ற வசதி போர்டில் வேண்டும். இன்டெல் 10ஆம் தலைமுறைக்கு முந்திய கணினி என்றால் வேண்டாம்.

ஜிடி 710, ஜிடி 1030 போன்றவற்றை வேகத்துக்காக எடுக்க வேண்டாம். 5600ஜி போன்ற சிபியுவுக்குள் இருக்கும் கிராபிக்ஸே ஏறத்தாழ 1030 அளவுக்கு ஓடும்.

பாவித்த ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகள் மலிவாக வருகின்றன. என்விடியா இவற்றுக்கான வழக்கமான கேம் டிரைவர்களை 2025 ஒக்டோபரோடு நிறுத்தி, 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தருவதாக அறிவித்தது. பழைய கேம்களுக்குப் பிரச்சினை இல்லை. புதுக் கேம்களுக்கென்று எடுப்பதென்றால் யோசியுங்கள்.

6. வாங்கும்போது

பாவித்த கார்ட் என்றால், விற்பவரிடம் மூன்று விஷயங்கள் கேளுங்கள்: கார்டின் விபரத்தைக் காட்டும் ஜிபியு இசட் என்ற இலவச மென்பொருளின் ஸ்கிரீன்ஷொட், ஃபர்மார்க் போன்ற சோதனை பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும் வீடியோ, எல்லாத் துளைகளிலும் படம் வருகிறது என்பதற்கான சான்று. பழைய கார்டின் பயோஸை (சிப்பில் எழுதியிருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் போட்டு விற்கும் போலிகள் உண்டு. ஜிபியு இசட் பலவற்றைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் போலி என்று காட்டிவிடும்.

புதிய கார்டில் பில்லை வாசியுங்கள். எரிந்த தடயம், உடைவு, துரு இருந்தால் வொரண்டி இல்லை என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். கடலோரத்தில் இருக்கும் நமக்குத் துரு என்ற சொல் சும்மா இல்லை. கார்ட் கைக்கு வந்ததும் முன்புறம், பின்புறம், துளைகள், சீரியல் இலக்கம் எல்லாவற்றையும் திகதியோடு படம் எடுத்து வையுங்கள். பழுதானால் கொழும்புக்கு அனுப்பும் பார்சல் செலவு யாருடையது என்பதையும் முதலே கேளுங்கள்.

7. பொருத்துவதற்கு முதல் நாள்

முக்கியமான கோப்புகளை வேறொரு டிரைவில் பிரதி எடுங்கள். கார்டுக்குரிய டிரைவரை இறக்கி வையுங்கள். இவை பெரிய கோப்புகள், டேட்டா இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது.

விண்டோஸில் டிரைவைக் குறியாக்கம் செய்யும் பிட்லொக்கர் பூட்டு இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் ரெக்கவரி கீயைக் கடதாசியில் எழுதி வையுங்கள். மதர்போர்டின் பயோஸில் சில மாற்றங்கள் செய்த பின் விண்டோஸ் அதைக் கேட்கும். கீ இல்லாவிட்டால் உங்கள் கோப்புகள் உங்களுக்கே இல்லை.

பழைய போர்டில் புதுக் கார்ட் என்றால் பயோஸ் அப்டேட் தேவைப்படலாம். அதை உள்ளமைந்த கிராபிக்ஸ் நன்றாக ஓடும் இன்றைக்கே செய்யுங்கள், யுபிஎஸ் இருந்தால் மட்டும். அப்டேட் நடுவில் கரண்ட் போனால் போர்ட் திரும்ப எழும்பாமலே போகலாம். யுபிஎஸ் இல்லாவிட்டால், கார்ட் வேலை செய்யாத பட்சத்தில் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

8. பொருத்துதல்

கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கேசிங்கை மேசையில் படுக்க வையுங்கள். நிமிர்ந்த கேசிங்கில் கனமான கார்டை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு பூட்டும்போதுதான் ஸ்லொட் நெளிகிறது.

கேசிங்கின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொடுங்கள். திருமலையின் ஈரக் காற்றில் உடம்பில் ஸ்டடிக் சேர்வது குறைவுதான், ஏசி அறையில் அப்படியில்லை. தொடுவதற்கு ஒன்றும் செலவில்லை.

ஸ்லொட்டுக்கு நேரே இருக்கும் பின்பக்க மறைப்புத் தகடுகளைக் கழற்றுங்கள். இரண்டு ஸ்லொட் தடிப்பு என்றால் இரண்டு தகடு. ஸ்லொட்டின் முனையிலிருக்கும் கொளுக்கியைத் திறந்து, கார்டின் தங்கநிற முனையைத் தொடாமல், இரண்டு பக்கமும் சமமாக அழுத்துங்கள். 'டிக்' என்று கொளுக்கி பூட்டும் சத்தம் கேட்க வேண்டும். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் நிற்கிற கார்ட்தான் "படம் வரவில்லை" என்ற முறைப்பாடுகளில் பாதி.

திருகாணியைப் பூட்டிய பிறகு பவர் கேபிள். முதலில் கேபிளைப் பூட்டினால் அதன் இழுவையில் கார்ட் நேராக உட்காராது. விசிறியில் எந்த வயரும் முட்டவில்லை என்று பார்த்துவிட்டுத் தகட்டை மூடுங்கள். தகட்டின் திருகாணியை இப்போதைக்குப் பூட்ட வேண்டாம்.

9. முதல் துவக்கம்

மொனிட்டர் கேபிளைக் கார்டில் பூட்டுங்கள். பழக்கத்தில் கை மேலே மதர்போர்ட் துளைக்குத்தான் போகும். கார்டை வாங்கி மாதக்கணக்கில் மதர்போர்ட் துளையிலேயே மொனிட்டரை வைத்துக்கொண்டு, "ஒரு வித்தியாசமும் இல்லையே அண்ணா" என்று கேட்டவர்கள் உண்டு.

படம் வந்தால், முதலில் திரை மங்கலாக, எழுத்துகள் பெரிதாக இருக்கும். டிரைவர் இல்லாததால் அப்படி. இறக்கி வைத்த டிரைவரைப் போட்டு, கேட்டால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். இன்டர்நெட் இணைந்திருந்தால் விண்டோஸும் அதே நேரத்தில் தன் பங்குக்கு ஒரு டிரைவரைப் போடப் பார்க்கும். இரண்டும் மோதாமல் இருக்க, முடியும் வரை வைஃபையை நிறுத்தி வைப்பது நல்லது. உள்ளமைந்த கிராபிக்ஸின் டிரைவரை அழிக்கத் தேவையில்லை, அது அங்கேயே இருக்கட்டும்.

பிறகு டிஸ்ப்ளே அமைப்பில் ரிஃப்ரெஷ் ரேட்டை (விநாடிக்கு எத்தனை தடவை திரை புதுப்பிக்கிறது என்பதை) பாருங்கள். 144 ஹேர்ட்ஸ் மொனிட்டரை வாங்கி 60இலேயே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

10. படம் வரவில்லையா?

இந்த ஒழுங்கில் பாருங்கள், இலகுவானது முதலில். மொனிட்டர் சரியான இன்புட்டில் இருக்கிறதா? கார்டின் பவர் கேபிள் முழுதாக உள்ளே போயிருக்கிறதா? அது இல்லாவிட்டால் சில கார்டுகளில் விசிறி முழு வேகத்தில் இரைந்துகொண்டு திரை கறுப்பாக நிற்கும். பிளக்கைக் கழற்றி, கார்டை எடுத்துத் திரும்பவும் பூட்டுங்கள்.

அதன் பிறகும் இல்லையென்றால் கேபிளை மதர்போர்ட் துளைக்கு மாற்றுங்கள். அங்கே படம் வந்தால் பயோஸுக்குள் போய், முதல் டிஸ்ப்ளே என்ற அமைப்பைப் பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு மாற்றுங்கள். மிகப் பழைய கார்ட், புதுப் போர்ட் என்றால் பயோஸில் பழைய முறைத் துவக்கத்துக்கான சிஎஸ்எம் என்பதை இயக்கிப் பாருங்கள். பழைய போர்ட், புதுக் கார்ட் என்றால் முன்பு சொன்ன பயோஸ் அப்டேட்.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால் கார்டை நண்பர் ஒருவரின் கணினியில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் சந்தேகம் உங்கள் சப்ளை மீது. கார்ட் கூடாது என்று கடைக்குச் சொல்வதற்கு முன் இதைச் செய்தால் ஒரு பார்சல் மிஞ்சும்.

11. சூடும் உப்பும்

கேம் ஒன்றை அரைமணி நேரம் ஓட்டி வெப்பநிலையைப் பாருங்கள். 80 டிகிரி செல்சியஸ் வரை கவலை இல்லை. 85ஐத் தாண்டிக்கொண்டே போனால் கேசிங்குக்குள் காற்றோட்டம் போதாது. பக்கத் தகட்டைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். வெப்பம் சட்டென்று குறைந்தால் முன்பக்கம் ஒரு விசிறி வேண்டும் என்று அர்த்தம். இந்தச் சோதனையைக் கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் ஒரு தடவை திரும்பவும் செய்யுங்கள். மார்கழியில் 72 காட்டிய கார்ட் அப்போது வேறு கணக்குச் சொல்லும். சோதனை நடுவில் கணினி தானாக அணைந்தால் அது பெரும்பாலும் சப்ளை தாங்கவில்லை என்பதுதான்.

உப்புவெளி, நிலாவெளி போலக் கடலுக்கு நேரே திறந்த யன்னல் உள்ள வீடுகளில் கணினியை யன்னலடியில் வைக்காதீர்கள். விசிறி இழுக்கும் காற்றோடு உப்பும் ஈரமும் உள்ளே போய், தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரிப் படியும். பாவிக்காத துளைகளுக்குக் கார்டோடு வந்த பிளாஸ்டிக் மூடிகளைப் போட்டு வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு. தங்கநிற முனை கறுத்திருந்தால் ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பூட்டுங்கள். அழிறப்பரால் தேய்க்கும் பழக்கத்தை விடுங்கள், அதன் தூள் ஸ்லொட்டுக்குள் போகும்.

வாடைக் காற்றும் மழையுமான மாதங்களில் கணினியை வாரக்கணக்கில் சும்மா விடாமல், இடைக்கிடை ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். உள்ளே வரும் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும். கார்ட் வந்த பெட்டியையும் ஸ்டடிக் படாத பையையும் வொரண்டி முடியும் வரை எறிய வேண்டாம். திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் கொழும்பு பஸ்ஸின் குலுக்கலுக்கு அதைவிட நல்ல பாதுகாப்புக் கிடைக்காது.